நான்காம் பாகம் எங்கே?

(என் மாயாஜாலக் கதைத் தொடரின் கடைசிப் பாகமான பதினோராம் பாகத்தின் வெளியீட்டு விழாவில் ஆற்றிய ஏற்புரை. பேசியதைப் பேசியபடியே, இருமலை மட்டும் நீக்கி எழுதியிருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, நூலை வெளியிட்ட நீதியரசர் அவர்களே, முதல் பிரதியைப் பெற்றுக்கொண்ட பேராசிரியர் அம்மா அவர்களே, வாழ்த்துரை வழங்கிய கவிஞர் பெருமக்களே, என் பதிப்பாளர் அவர்களே, அவருக்கும் எனக்கும் நடுவில் நின்று 22 ஆண்டுகளாக இருவரிடமும் திட்டு வாங்கிய பிழைதிருத்துநர் அவர்களே, நாற்காலி கிடைக்காமல் பின்சுவரில் சாய்ந்து நிற்கும் வாசகர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நீதியரசர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். அவர் பதினோரு பாகத்தையும் படித்துவிட்டு வந்திருக்கிறார். நூலை வெளியிட வருகிறவர் நூலைப் படித்துவிட்டு வருவது மேடை உலகத்தில் அபூர்வம். ஆறாம் பாகத்தில் மூன்று வாசலோடு இருந்த கோட்டைக்கு எட்டாம் பாகத்தில் நான்கு வாசல் வந்துவிட்டதைத் தேநீர் நேரத்தில் மெதுவாகச் சொன்னார். மேடையில் சொல்லாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மையைத் தாங்க முடியாமல் நானே சொல்லிவிட்டேன். பேராசிரியர் அம்மாவுக்கும் நன்றி. மாயாஜாலக் கதையெல்லாம் இலக்கியமா என்று கேட்டவர்களிடம், முதலில் படித்துவிட்டுக் கேளுங்கள் என்று 20 வருடமாகச் சொல்லி வருகிறவர். தலைவர் அவர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் பன்னிரண்டாம் பாகம் ஆகிவிடும்.

இன்று மூன்று விஷயம் பேசலாம் என்று குறித்துக்கொண்டு வந்தேன். ஒரு தொடரை எப்போது முடிப்பது? எப்படி முடிப்பது? முடித்த பிறகு எழுதியவன் என்ன ஆகிறான்? மூன்றாவதுதான் எனக்கு நெருக்கமான கேள்வி. அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் பாட்டியின் வாயில் ஓயாமல் வரும் சொலவடை ஒன்று உண்டு. ‘அடியைப் பிடிடா பாரத பட்டா.’ செய்த வேலையெல்லாம் வீணாகி மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரும்போது சொல்வார்கள். விடிய விடியப் பாரதம் படித்துக்கொண்டிருந்த பட்டரிடம், பாதியில் வந்து உட்கார்ந்தவன் கேட்டது அது என்றுதான் நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். தொடர் எழுதுகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான வாக்கியம் கிடையாது. ஒவ்வொரு பாகத்தையும் தொடங்குமுன் பழைய பாகங்கள் அத்தனையையும் திரும்பப் படிக்க வேண்டும். இல்லையென்றால் கோட்டைக்கு நான்காவது வாசல் முளைத்துவிடும்.

சரி, எப்போது முடிப்பது? ஓஸ் நாட்டுக் கதைகளை எழுதிய ஃபிராங்க் பாம் 1900-இல் தொடங்கினார். 1910-இல், ஆறாவது புத்தகத்தோடு போதும் என்று முடிவெடுத்தார். சும்மா முடிக்கவில்லை. ஓஸ் நாட்டையே வெளியுலகின் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து, இனி அங்கிருந்து சேதி வராது, சேதி வராமல் நான் எப்படி எழுதுவது என்று கதவைச் சாத்திவிட்டார். அடுத்த ஆண்டே திவாலானார். வேறு கதைகள் எழுதிப் பார்த்தார். பிள்ளைகளுக்கு ஓஸ்தான் வேண்டியிருந்தது. 1913-இல் ஏழாவது புத்தகம் வந்தது. மறைந்துபோன நாட்டிலிருந்து சேதி எப்படிக் கிடைத்தது? கம்பியில்லாத் தந்தியில் கிடைத்ததாம்! அன்றைக்கு அது புத்தம்புதுக் கருவி. கடன்காரனுக்குத்தான் என்னென்ன யோசனை வருகிறது, பாருங்கள். 1919-இல் இறக்கும் வரை எழுதினார். பதினான்காவது புத்தகம் அவர் இறந்த மறு ஆண்டு வெளிவந்தது. அதற்கப்புறமும் பதிப்பாளர் விடவில்லை. ரூத் பிளம்லி தாம்சன் என்ற எழுத்தாளரிடம் கொடுத்து 19 புத்தகம் எழுத வைத்தார். என் பதிப்பாளர் தலையாட்டுகிறார். வேண்டாம் ஐயா.

உர்சுலா லெ குவின் 1990-இல் எர்த்ஸீ என்ற மாயாஜாலக் கதை வரிசையின் நான்காவது புத்தகத்துக்கு ‘எர்த்ஸீயின் கடைசிப் புத்தகம்’ என்று துணைத் தலைப்பே கொடுத்தார். 2001-இல் அதே வரிசையில் இரண்டு புத்தகங்கள் வந்தன. ஆகவே கடைசி என்று அட்டையில் அச்சடித்தவர்களை நம்பாதீர்கள். இன்று வெளியான புத்தகத்தின் அட்டையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஸ்டீபன் கிங்கின் இருண்ட கோபுர வரிசையைப் படிக்காதவர்கள் இப்போது காதைப் பொத்திக்கொள்ளுங்கள். ஏழு பாகம். முதல் பாகம் 1982, ஏழாம் பாகம் 2004. அத்தனை ஆண்டு நடந்து நடந்து நாயகன் கோபுரத்தின் உச்சிக் கதவைத் திறக்கிறான். திறந்தால் முதல் பாகத்தின் பாலைவனம். ஏழாம் பாகத்தின் கடைசி வாக்கியம் முதல் பாகத்தின் முதல் வாக்கியமேதான். அடியைப் பிடிடா பாரத பட்டா! கோபித்துக்கொண்ட வாசகர்கள் உண்டு. எனக்குக் கோபம் வரவில்லை, பாட்டி ஞாபகம்தான் வந்தது.

இப்போது ஒரு சம்பவம். ஆறேழு வருடத்துக்கு முன்னால் எனக்கு ஒரு கடிதம் வந்தது. குண்டு குண்டான கையெழுத்து. ஒரே ஒரு வரி. ‘ஐயா, பாலம் காக்கும் கிழவர் எப்போது திரும்பி வருவார்?’

தொடரைப் படித்தவர்கள் சிரிக்கிறீர்கள். படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் கிழவர் நான்காம் பாகத்திலேயே செத்துவிட்டார். சாதாரணச் சாவு இல்லை. 40 பக்கம் எழுதியிருக்கிறேன். எழுதும்போது நானே அழுதேன். கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஆகா, எவ்வளவு ஆழமான கேள்வி, மரணத்தையே கேள்வி கேட்கிறாரே என்று. உட்கார்ந்து இழப்பு, நினைவு, காலம் என்று இரண்டு பக்கம் பதில் எழுதினேன். ஒரு வாரத்தில் மறுபதில் வந்தது. ‘அதெல்லாம் சரி. எப்போது வருவார்?’

தொலைபேசி எண்ணும் எழுதியிருந்தார். கூப்பிட்டேன். வயதான அம்மா.

“ஏன் அம்மா அவர் வருவார் என்று நினைக்கிறீர்கள்?”

“ஐந்தாம் பாகத்தில் எல்லோரும் ‘அவர் இருந்திருந்தால், அவர் இருந்திருந்தால்’ என்று பேசிக்கொண்டே இருக்கிறார்களே தம்பி. வெளியூர் போனவரைப் பற்றி நாங்களும் அப்படித்தான் பேசுவோம்.”

“நான்காம் பாகம் படித்தீர்களா?”

“நூலகத்தில் மூன்று இருக்கிறது, ஐந்து இருக்கிறது. நடுவில் ஒன்று இருக்கும் என்று எனக்கும் தெரியும். கேட்டேன். தொலைந்துபோயிற்று, பதிவேட்டில் அடித்துவிட்டோம் என்றார்கள்.”

“அப்புறம் எப்படி மேலே படித்தீர்கள்?”

“நடுவில் நடந்ததை நானே சொல்லிக்கொண்டேன்.”

சொல்லிக்கொண்டது தனக்கு மட்டும் இல்லை. பேரனுக்கும் சேர்த்து. ராத்திரிக்கு ராத்திரி ஒரு நான்காம் பாகம்! என் கதையில் எதிரிப் படை வருகிறது, கிழவர் தனியாகப் பாலத்தில் நின்று மடிகிறார். அந்த அம்மாவின் கதையில் கிழவர் சண்டையே போடவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகப் பாலத்தின் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தெப்பமாகக் கட்டி, அதில் ஏறிக்கொண்டு ஆற்றோடு போய்விடுகிறார். விடிந்து பார்த்தால் படை அந்தக் கரையில், பாலம் இல்லை. ஒருத்தரும் சாகவில்லை.

எழுத்தாளன் புத்தி பாருங்கள். நான் உடனே, “ஐந்தாம் பாகத்தில் பாலம் இருக்கிறதே அம்மா” என்று மடக்கினேன்.

“யாராவது கட்டியிருப்பார்கள். நீங்கள் எழுத மறந்திருப்பீர்கள்” என்றார்.

என் 40 பக்கத்தைவிட அது நன்றாக இருந்தது. கிழவர் செத்துவிட்டார் என்று தொலைபேசியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்க்கலாம் அம்மா என்று வைத்துவிட்டேன். அப்புறம் மனம் கேட்காமல் நான்காம் பாகத்தை அனுப்பினேன். ஒரு மாதம் பதிலே இல்லை. பிறகு ஓர் அட்டை வந்தது. ‘படித்தேன். பேரனுக்குச் சொல்லவில்லை.’

இன்று வெளியான புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் ஆற்றில் ஒரு தெப்பம் போகும். அதில் இருப்பது யார் என்று நான் எழுதவில்லை. நீதியரசர் அதையும் கேட்டார். ஐயா, அது என் தெப்பம் இல்லை.

துண்டுச் சீட்டு வந்துவிட்டது. பத்து நிமிடமாம். தலைவர் அவர்கள் சிரிக்கிறார், அதனால் பதினைந்து என்று எடுத்துக்கொள்கிறேன்.

எப்படி முடிப்பது என்ற இரண்டாவது கேள்விக்கு விரிவாகப் போக நேரமில்லை. கல்கி ‘பொன்னியின் செல்வ’னை முடித்தபோது, இப்படி நிறுத்தலாமா, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டார்கள். அவர் தனியாக ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். அது ஒரு மரியாதை. டெர்ரி பிராட்செட் வேறு வழி பிடித்தார். டிஸ்க்வேர்ல்டு என்ற வேடிக்கையான மாயாஜாலக் கதை வரிசையில் 41 நாவல் எழுதியவர். முடிக்காத எழுத்துகளை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவை இருந்த ஹார்டு டிஸ்க்கை 2017-இல் பழைய நீராவி ரோடு ரோலரை ஏற்றி நசுக்கினார்கள். ராபர்ட் ஜோர்டன் 2007-இல் காலச்சக்கர வரிசையை முடிக்காமலே இறந்தார். அவருடைய மனைவியும் எடிட்டருமான ஹாரியட் மெக்டூகல், பிராண்டன் சாண்டர்சனைத் தேடிப் பிடித்து எழுத வைத்தார். ஒரு பாகம் பாக்கி என்று நினைத்தது மூன்றாக விரிந்து, 2013-இல் பதினான்காம் பாகத்தோடு முடிந்தது. இவற்றில் எது சரி என்று பேசினால் விடிந்துவிடும்.

நான் சொல்ல வந்தது வேறு. எழுதியவன் முடித்துவிட்டால் மட்டும் தொடர் முடிந்துவிடாது. வாசகரின் கையில் எல்லாப் பாகமும் சேர வேண்டும். எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் நூலகத்துக்குப் போய் என் அலமாரியைத்தான் பார்ப்பேன். சுயமோகம்தான், ஒப்புக்கொள்கிறேன். முதல் பாகம் எங்கேயும் இருக்கும். இரண்டாம் பாகம் பெரும்பாலும் இருக்கும். அதற்கப்புறம் ஓட்டைப் பல்தான். என் புத்தகம் மட்டும் இல்லை, எல்லாத் தொடருக்கும் இதே கதி.

காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. புத்தகம் வாங்குகிறவர்கள் அந்தந்த ஆண்டுப் புத்தகங்களைத் தனித்தனியாக வாங்குகிறார்கள். ஒரு பாகம் தொலைந்தால் கணக்கில் ஒரு பிரதி குறைகிறது, அவ்வளவுதான். ஒரு கதையே அறுந்துபோனது பதிவேட்டில் தெரியாது. பதிப்பாளர் பக்கமும் ஒரு குற்றம் உண்டு. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். முதல் பாகம்தான் அதிகம் விற்கும், அதனால் அதை மறுபடி மறுபடி அச்சடிப்பார்கள். நடுப்பாகம் தீர்ந்தால் தீர்ந்ததுதான். சிலர் நூலின் முதுகில் எத்தனையாம் பாகம் என்றுகூடப் போடுவதில்லை. நூலகர் எதை வைத்து அடுக்குவார்?

நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார். இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர். அலமாரியில் பத்துப் பாகம் இருந்து நான்காம் பாகம் மட்டும் இல்லையென்றால் இரண்டு விதியும் ஒரே அடியில் உடைந்துபோகின்றன. ஆகவே இந்த மேடையில் இருக்கும் பெரியவர்களிடம் ஒரு கோரிக்கை. தொடரை வாங்கும்போது ஒரே நூலாகக் கணக்கு வையுங்கள். ஒரு பாகம் தொலைந்தால் அதே பாகத்தை வாங்குங்கள். பதிப்பாளர்கள் நடுப்பாகங்களைத் தீரவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் வாசகர் ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ‘அடியைப் பிடிடா பாரத பட்டா’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார், பட்டர் வீட்டுக்குப் போயிருப்பார்.

இரண்டாவது சீட்டு. இதில் எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. மூன்றாவது விஷயத்தை இன்னொரு விழாவில் பேசுகிறேன். இனி என் தொடருக்கு விழா கிடையாது, வேறு யாராவது கூப்பிட்டால் வருகிறேன்.

வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறது. நான்காம் பாகத்தில் 50 பிரதி என் செலவில் அச்சடித்து வைத்திருக்கிறேன். விற்பனைக்கு இல்லை. நீங்கள் போகும் நூலகத்தின் அலமாரியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், அங்கே அது இல்லையென்றால், ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிடுங்கள். முதல் பாகம் கேட்காதீர்கள், அது எல்லா இடத்திலும் இருக்கிறது. வணக்கம்.