சிறுகுறிஞ்சா சப்பினா சீனி ஏன் மண்ணு மாதிரி இரிக்கு?

வணக்கம் மக்கள், இண்டைக்கு நான் நிக்கிறது மட்டக்களப்பு படுவான்கரை, கொக்கட்டிச்சோலைப் பக்கம், இந்தா இந்த சூரைப் பத்தைல சுத்திச் சுத்தி ஏறிக் கிடக்கு பாருங்க, இதுதான் சிறுகுறிஞ்சா. சிங்களத்தில மஸ்பெத்த எண்டு சொல்லுவாங்க. எருக்கலைட குடும்பம்தான், காய் வெடிச்சா அதே மாதிரி பஞ்சு பறக்கும். இலையைக் கிட்டக் காட்டுறன், ரெண்டு ரெண்டா எதிரெதிரா இரிக்கு, தடவிப் பாத்தா மெல்லிசா சுணை தெரியும்.

இப்ப நான் ரெண்டு இலையைச் சப்பப் போறன், லேசாக் கசக்குது, ஒரு நிமிசம் நாக்கு முழுக்கப் படுற மாதிரி வச்சிட்டுத் துப்பியாச்சு. இனி சீனி. ம்ம்... மணல் மாதிரி நறநற எண்டுது, இனிப்பு சுத்தமா இல்ல! வாழைப்பழம் சாப்பிட்டா புளிப்பு மட்டும் வருது, உப்பு கசப்பெல்லாம் வழமை போலத்தான். இதுக்குக் காரணம் இலைல இரிக்கிற ஜிம்னிமிக் அமிலம், அது நாக்கில இனிப்பை உணர்ற இடத்தில போய் ஒட்டிக்கிட்டு வழியை அடைச்சிடும், அரை மணித்தியாலம் ஒரு மணித்தியாலத்தில தானா விட்டிடும். ஹிந்தில இதுக்குப் பேரே குர்மார், சர்க்கரையைக் கொல்லி எண்டு அர்த்தம்.

இதைப் பாத்திட்டுத்தான் நம்மட ஆக்கள் "நாக்கில சீனியைக் கொல்லுது, அப்ப ரத்தத்திலயும் கொல்லும்" எண்டு முடிவு கட்டுறாங்க. அது வேற இது வேற மக்கள். ரத்தச் சீனிக்கும் ஆராய்ச்சி நடந்திரிக்கு, இல்லை எண்டு சொல்லல்ல. 1990ல வந்த ஒரு இந்திய ஆய்வில 22 சீனி வருத்தக்காரருக்கு இந்த இலைல எடுத்த சாரத்தை ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வீதம் 18, 20 மாசம் குடுத்தாங்க, குளிசையோட சேத்துத்தான் குடுத்தாங்க, அதில 5 பேருக்குக் குளிசையை நிப்பாட்ட முடிஞ்சிது. 22 பேர் எண்டுறது சின்னக் கணக்கு, மற்றது அது அளந்து குடுத்த சாரம், நாம தேங்காய்ப்பூ போட்டு வறுக்கிற சுண்டல் இல்ல. சுண்டலாச் சாப்பிடுங்க, நல்ல கறி, ஆனா கிளினிக் குளிசையை நீங்களா நிப்பாட்டாதீங்க, சாறு இடிச்சுக் குடிக்கிறதெண்டா டொக்டரிட்ட சொல்லிட்டுக் குடிங்க, ஏனெண்டா குளிசையும் சாறும் சேந்தா சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கவும் கூடும்.

எங்கட மாமா அப்பிடித்தான் ஒருநாள் விடியக் குளிசையும் போட்டு, வெறும் வயித்தோட வயலுக்குப் போயிட்டார், பத்து மணி போல அங்க இலையையும் ஒரு கைபிடி சப்பியிரிக்கார். கொஞ்ச நேரத்தில வரம்பில குந்திட்டார், வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது. ஓடிப்போய் நாலு கரண்டி சீனி போட்டுத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன், மனிசன் ஒரு மிடறு குடிச்சிட்டு என்னைப் பாத்து, "என்ன மருமகன், சீனி போடல்லயா?" எண்டு கேக்கிறார். குடிங்க மாமா எண்டு அதட்டித்தான் குடிக்க வச்சது, கொஞ்ச நேரத்தால நடுக்கம் நிண்டிட்டு, நாக்குக்கு மட்டும் அந்தச் சீனி தெரியவே இல்ல.