இரும்புக் கோடு சொல்லும் சேதி

எல்லோருக்கும் வணக்கம். கருந்துளையிலிருந்து ஒளி வெளியே வராது என்று படித்திருப்பீர்கள். அப்படியென்றால், அது சுழல்கிறதா, எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இன்றைக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

கருந்துளையை நெருங்கும் வாயு நேரே உள்ளே விழுவதில்லை. தட்டுபோன்ற ஒரு வட்டாகப் பரந்து, சுற்றிச் சுற்றித்தான் இறங்கும். வட்டுக்குப் பக்கத்திலேயே கொதிக்கும் மின்ம (பிளாஸ்மா) படலம் ஒன்று உண்டு. அதன் எக்ஸ் கதிர்கள் வட்டில் பட்டதும், அங்குள்ள இரும்பு அணுக்கள் 6.4 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் கதிரை உமிழும். ஆய்வுக்கூடத்து இரும்பை அளந்தாலும் அதே 6.4 தான். கதிரின் ஆற்றலைக் காட்டும் வரைபடத்தில் அது ஊசி நட்டதுபோல நிற்கும். இதுதான் இரும்புக் கோடு.

கருந்துளையின் அருகில் அந்த ஊசி சிதைந்துபோகிறது. வட்டில் நம்மை நோக்கி வரும் பக்கம் பிரகாசமாகத் தெரியும், விலகும் பக்கம் மங்கும். அதோடு, ஈர்ப்பை மீறி ஏறி வரும் கதிர் ஆற்றலை இழக்கிறது. வேகம் குறையாது, ஆற்றல்தான் குறையும். அதனால் கோடு ஒரு பக்கம் செங்குத்தாக நின்று, மறுபக்கம் வால்போல நீண்டு சரியும்.

1994இல் ஜப்பானின் ஆஸ்கா செயற்கைக்கோள் எம்.சி.ஜி. –6-30-15 என்ற விண்மீன் மண்டலத்தை நாலு நாளுக்கும் மேலாகப் பார்த்தது. 1995இல் முடிவு வெளியானது. அந்த இரும்புக் கோட்டின் அகலத்தை வேகக் கணக்கில் சொன்னால் விநாடிக்கு ஏறத்தாழ 1,00,000 கிலோமீட்டர்! ஒளி வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு. அந்தப் படத்தை இப்போது பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

சரி, சுழற்சி? சுழலும் கருந்துளை தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் இழுத்துக்கொண்டு சுழல்கிறது. ஐன்ஸ்டீனின் ஈர்ப்புச் சமன்பாடுகளுக்குக் கணிதவியலாளர் ராய் கெர் 1963இல் கண்ட தீர்வில் வருவது இது. சூரியனைப்போல 10 மடங்கு நிறையுள்ள கருந்துளை சுழலாவிட்டால், வாயு மையத்திலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் வரைதான் நெருங்கி நிலையாகச் சுற்ற முடியும். உச்ச வேகத்தில் சுழன்றால் 15 கிலோமீட்டர் வரை நெருங்கலாம். நெருங்க நெருங்க வால் நீளும். வாலை அளந்தால் சுழற்சி தெரியும்.

இதற்கு எதிர்ப்பும் வந்தது. இடையில் நிற்கும் வாயு மேகங்களே இப்படி ஒரு தோற்றத்தைத் தரலாமே என்றார்கள். நியாயமான கேள்விதான். 10 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலும் தெளிவாகப் பார்க்கும் நூஸ்டார் என்ற எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கி, எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற இன்னொரு தொலைநோக்கியோடு சேர்ந்து என்.ஜி.சி. 1365 என்ற விண்மீன் மண்டலத்தை ஆராய்ந்தது. மேகங்களை மட்டும் வைத்து அந்தத் தரவை விளக்க முடியவில்லை என்று 2013இல் அறிவித்தார்கள். அங்குள்ள கருந்துளை, சாத்தியமான உச்ச சுழற்சியில் குறைந்தது 84 விழுக்காட்டில் சுழல்கிறது.

இவ்வளவு வேகம் எப்படி வந்தது? கண்ட திசையிலிருந்தெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வாயு விழுந்திருந்தால், ஒன்றின் சுழற்சியை இன்னொன்று தணித்திருக்கும். ஒரே திசையிலிருந்து நெடுங்காலம் பெருமளவு வாயு வந்தோ, இன்னொரு கருந்துளையோடு இணைந்தோதான் அந்தக் கருந்துளை இப்படி வளர்ந்திருக்க வேண்டும்.