ஞானத்தாயாக இருக்க வேண்டியவன்

வணக்கம். பாம்பன் குந்துகால் கரையிலிருந்து பேசுகிறேன். காற்று பலமாக இருக்கிறது, இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடற்பாசி, மீன் ஏலம், தீவுப் பயணம் என்று பார்த்துப் பழகியவர்களுக்கு இன்றைய வீடியோ வேறு மாதிரி இருக்கும். எதையும் சுற்றிக் காட்டப் போவதில்லை. உட்கார்ந்து பேசப் போகிறேன், அவ்வளவுதான்.

பாசி எடுக்கும் பழைய வீடியோக்கள் சில எங்கே போயின என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நான்தான் நீக்கினேன். அவற்றில் எங்களோடு கடலில் இறங்கிய ஒருவரின் முகம் இருந்தது. அந்த முகம் அந்தப் பழைய பெயரோடு இனி யார் கண்ணிலும் படக் கூடாது என்று அவன் கேட்டான். கேட்க அவனுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. ஆம், அவன். என் தோழன் ஒரு திருநம்பி. பிறந்தபோது பெண் குழந்தை என்று பதிந்தார்கள், பெண்ணாக வளர்த்தார்கள், எங்களோடும் பெண்ணாகவே கடலுக்கு வந்தான். இன்று ஆணாக வாழ்கிறான். இதைப் பேச அவனிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். பெயரையோ ஊரையோ சொல்ல மாட்டேன். தயவுசெய்து நீங்களும் தேட வேண்டாம்.

இன்று பேச வேண்டியது, அவனைச் சுற்றி இருந்த எங்களைப் பற்றி.

நாங்கள் நால்வர் ஒரே வல்லத்தில் போகிறவர்கள். எங்களில் மூத்தவளை அக்கா என்றே சொல்கிறேன். இளையவள் இப்போது சென்னையில் படிக்கிறாள். சின்னவள் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் அவனும் நானும். அக்காவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று அக்காவிடமும் சொன்னேன். "உள்ளதைச் சொல், கூட்டிச் சொல்லாதே" என்றாள். கூட்டிச் சொல்ல மாட்டேன்.

பாசி எடுக்கும் வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மரிக்கொழுந்துப் பாசி பாறையோடு ஒட்டி வளரும். முங்கிப் போய்ப் பிய்க்கும்போது விரல் நுனி கிழியும். அதற்காகப் பழைய துணியை நாடா நாடாவாகக் கிழித்து, ஒவ்வொரு விரலிலும் இறுக்கிச் சுற்றிக்கொள்வோம். இடது கைக்குத் தானே கட்டிக்கொள்ளலாம். வலது கைக்குப் பக்கத்தில் இருப்பவள்தான் கட்டிவிட வேண்டும். அக்காவின் வலது கைக்கு எப்போதும் அவன் கட்டுவான், அவனுக்கு அக்கா கட்டுவாள். முடிச்சு சரியில்லை என்றால் தண்ணீருக்குள் அவிழ்ந்துவிடும்; அக்கா கட்டிய முடிச்சு அவிழ்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு முறை பாறை இடுக்கில் அவன் கால் மாட்டிக்கொண்டது. நானும் சின்னவளும் படகோரம் நின்று கத்திக்கொண்டிருந்தோம். அக்காதான் உள்ளே போய் அவனை இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் முழங்காலில் இன்றும் அந்தத் தழும்பு இருக்கிறது.

இப்படிப்பட்ட இருவர்தான் இன்று பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில்தான் அவன் தன்னைப் பற்றி எங்களிடம் சொன்னான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது என்பது நம் கரையில் எல்லாருக்கும் தெரியும். ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், பணம் முடங்கியிருக்கும், சின்னப் பேச்சும் பெரிய சண்டையாகும். அந்த ஏப்ரல் 15 தமிழ்நாட்டில் திருநங்கையர் தினம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2014இல் உச்ச நீதிமன்றம் நால்சா, அதாவது தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு, தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னதும் ஓர் ஏப்ரல் 15இல்தான். தான் ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலினமா என்பதை ஒருவர் தானே முடிவு செய்துகொள்ளலாம் என்றது அந்தத் தீர்ப்பு. அவன் அதை மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருந்தான். திருநங்கையருக்காவது ஒரு தினம் இருக்கிறது, கூவாகம் இருக்கிறது, ஊர் அவர்களைப் பார்த்திருக்கிறது. திருநம்பி என்று ஒருவர் இருப்பதே நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது.

அக்காவின் முதல் கோபம் துணி மாற்றும் விஷயத்தில் வந்தது. கடலிலிருந்து ஏறியதும் ஈரத்தோடு நடுங்குவோம். ஒருத்தி சேலையை விரித்துப் பிடிக்க, மறைவில் மற்றவள் உடை மாற்றுவாள். "இத்தனை காலம் என் முன்னால் நின்றது ஆம்பளை என்றால், என்னை ஏமாற்றினாளா?" என்று கேட்டாள். சின்னவள் உடனே சீறினாள். நான் சீறவில்லை. அக்காவின் கூச்சம் பொய் இல்லை. அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு ஒன்றை நினைவுபடுத்தினேன். சேலை பிடிக்கும் முறை அவனுடையது என்றால், அவன் எப்போதும் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு, கைகளைப் பின்னால் நீட்டித்தான் பிடிப்பான். அவனுக்கு வெட்கம் அதிகம் என்று நாம்தான் கேலி செய்தோம். அக்கா அதற்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் ஏமாற்றினாள் என்ற பேச்சை அதன் பிறகு நான் கேட்கவில்லை.

அடுத்து வந்த பேச்சுத்தான் என்னைப் பதற வைத்தது. அக்கா வீட்டில் ஒருவர், "இது மனக்கோளாறு, எங்காவது கூட்டிப் போய் மந்திரித்துக் கட்டி வைத்தால் சரியாகிவிடும்" என்றார். கட்டி வைப்பது என்ற சொல்லை ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்துகொண்டு எப்படிச் சாதாரணமாகச் சொல்ல முடிகிறது? 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். மனநோய் உள்ளவர்களையே கட்டி வைக்கக் கூடாது. இவனுக்கு இருப்பது நோயே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில், இது மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. மாற்றிக்காட்டுகிறேன் என்று சிகிச்சை தரும் மருத்துவரை, தொழில் ஒழுக்கம் மீறியவர் என்று 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் சொல்லிவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. அவனை யாராவது எங்காவது கூட்டிப் போக முயன்றால் நான் காவல் நிலையத்துக்குப் போவேன் என்று அந்த வீட்டு வாசலில் நின்றே சொன்னேன்.

இனி ஞானஸ்நான விஷயம். அக்கா மாசமாக இருந்தபோது, "என் பிள்ளைக்கு நீதான் ஞானத்தாய்" என்று அவன் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். கோயிலில் பிள்ளையைக் கையில் வாங்கி நிற்கும் உறவு அது. பெற்றவள் இல்லாமல் போனாலும் பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கும் பொறுப்பு. குழந்தை பிறந்தது, அவன் தன்னைப் பற்றிச் சொல்லிவிட்டான். இப்போது ஞானத்தாயா? ஞானத்தந்தையா? இரண்டும் இல்லையா?

சின்னவள் சென்னையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினாள். திருநர், அதாவது திருநங்கையரும் திருநம்பியரும், சில நிபந்தனைகளோடு ஞானப்பெற்றோராக இருக்கலாம் என்று 2023 நவம்பரில் வத்திக்கான் வெளியிட்ட பதில் அது. அக்காவின் மைத்துனர் இன்னொன்றை அனுப்பினார். பால் மாற்று சிகிச்சை மனித மாண்புக்கு ஊறு செய்யக்கூடியது என்று அதே வத்திக்கான் 2024 ஏப்ரலில் வெளியிட்ட ஆவணம். இரண்டும் உண்மை. இரண்டும் பிரான்சிஸ் திருத்தந்தை காலத்தில் ஒரே துறையிலிருந்து வந்தவை. முதல் பதிலிலேயே, இது ஒருவரின் உரிமை அன்று, சபையில் இடறல் வரும் என்றால் அனுமதிக்க வேண்டியதில்லை என்றும் எழுதியிருக்கிறது. அந்தப் பகுதியைச் சின்னவள் அனுப்பவில்லை. வன்முறையும் அநியாயமான பாகுபாடும் கூடாது என்று இரண்டாவது ஆவணம் சொல்வதை மைத்துனர் அனுப்பவில்லை. ரோமில் எழுதியதை ஆளுக்குப் பாதி கிழித்து எடுத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும் பங்குத்தந்தையிடம் போய் ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

போதாததற்கு லண்டனில் இருக்கும் உறவினர் ஒருவர் அங்குள்ள உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அனுப்பி, "முடிந்தது கதை" என்று எழுதினார். 2025 ஏப்ரல் 16இல் வந்த தீர்ப்பு. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தில் பெண் என்றால் பிறப்பால் பெண் என்று பொருள் என்றது. திருநருக்குப் பாகுபாட்டிலிருந்து அதே சட்டம் தரும் பாதுகாப்பு தொடர்கிறது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அது அந்த நாட்டின் ஒரு சட்டத்துக்கான விளக்கம். பாம்பனில் ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு அது என்ன செய்யும்?

இந்தச் சண்டைகளில் பேசத் தகுந்தவை இல்லை என்று நான் சொல்லவில்லை. விளையாட்டுப் போட்டியில் யார் எந்தப் பிரிவில் ஓடுவது, சட்டம் எப்படி இருக்க வேண்டும், சபை என்ன சொல்லலாம், எல்லாம் பேசலாம். திருநர் சமூகத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. 2019இல் அவர்களுக்கென்று சட்டம் வந்தபோது, மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும் என்ற விதியை எதிர்த்துத் தெருவில் நின்றவர்கள் திருநர்கள்தான். ஆனால் அவன் பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிடுவது விவாதத்துக்கு உரியது இல்லை. அது அவனுக்கு நாம் தர வேண்டியது. அக்கா அவனோடு எதில் உடன்படவில்லை என்றாலும், அந்தப் பெயரைச் சொல்லலாம். அவளுடைய விசுவாசம் அதனால் குறைந்துவிடாது.

சின்னவளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அவள் பெரிய செய்தி ஒன்று எழுதி, அக்காவை மனிதத்தன்மை இல்லாதவள் என்று சொல்லி, குழுவிலிருந்து வெளியேறி, அக்காவின் எண்ணையும் தடுத்துவிட்டாள். அவனுக்காகத்தான் செய்தாள், அன்பினால்தான் செய்தாள், எனக்குத் தெரியும். அதன் பலன் என்ன ஆனது தெரியுமா? கைக்குழந்தையோடு தனியாக உட்கார்ந்திருந்த அக்கா, "இவனால் எனக்குச் சின்னவளும் இல்லாமல் போய்விட்டாள்" என்றாள். சின்னவள் போட்ட சண்டைக்கான கணக்கு அவன் பேரில் எழுதப்பட்டது. அவன் தெருவில் வந்தால் அக்கா கதவைச் சாத்தத் தொடங்கியது அதற்குப் பிறகுதான், முன்பு இல்லை.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். அவன் பக்கம் நிற்கிறோம் என்று நாம் வெட்டிவிடும் ஒவ்வோர் உறவுக்கும் அவன்தான் விலை கொடுக்கிறான். நாம் சென்னைக்கோ துபாய்க்கோ போய்விடலாம். அவன் இந்தக் கரையில் இருந்தாக வேண்டும், இவர்கள் முகத்தில் விழித்தாக வேண்டும். சண்டை போட வேண்டாம் என்று சொல்லவில்லை. அவனைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

நான் கேட்டேன். "ஞானத்தந்தையாக நிற்க வேண்டும் என்று நீ விரும்புகிறாயா?" என்று. அவன் சொன்னான்: "கோயிலில் என்னை வைத்துச் சண்டை நடக்க வேண்டாம். பிள்ளையை ஒரு தடவை தூக்கிப் பார்க்க வேண்டும். அதை யாரும் கேட்கவே இல்லை." இத்தனை செய்திகள், தீர்ப்புகள், ஆவணங்கள். அவன் கேட்டது இவ்வளவுதான்.

ஞானஸ்நானம் முடிந்துவிட்டது. அக்காவின் நாத்தனார் ஞானத்தாயாக நின்றாள். அவன் வரவில்லை. நான் போனேன். போனது துரோகம் என்று சின்னவள் சொன்னாள். நான் அப்படி நினைக்கவில்லை. போயிருக்காவிட்டால் அந்த வீட்டுக்குள் அவனுக்காகப் பேச ஓர் ஆள் மிச்சம் இருந்திருக்காது.

2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. ஒருவரை ஒருவர் நேசித்த இரண்டு இளம் பெண்கள் பாதுகாப்புக் கேட்டு வந்த வழக்கு. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கு முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, உளவியலாளர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். பிறகுதான் 2021 ஜூன் 7 அன்று, ஒருவரின் பாலின அடையாளத்தையோ பாலீர்ப்பையோ மாற்றும் சிகிச்சை கூடாது என்று உத்தரவிட்டார். தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருப்பவரே அப்படிச் செய்தார். அக்காவுக்கு இதைச் சொன்னேன். "நான் யாரிடம் போய்க் கற்றுக்கொள்வது?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். "அவனிடம்தான்" என்றேன். "அவனா பேசுவான்?" என்றாள். பேசுவான் அக்கா. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

இந்த வீடியோவை நீ பார்ப்பாய் என்று தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் நான் உன் வீட்டுக்கு வருகிறேன், கேமரா இல்லாமல். நீ சரி என்றால் அவனையும் கூட்டிக்கொண்டு வருவேன். வேண்டாம் என்றால் தனியாக வருவேன். மைத்துனர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்.

சின்னவளே, அந்த எண்ணைத் திறந்துவிடு. மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அவள் கூப்பிட்டால் மணி அடிக்கட்டும்.

மற்றவர்களுக்கு, அடுத்த வாரம் பாசி விலை பற்றிய வீடியோ வரும். கட்டக்கோரைப் பாசிக்கு இந்த முறை என்ன விலை கொடுக்கிறார்கள் என்று வியாபாரியிடமே கேட்டுச் சொல்கிறேன்.