பிரகாரத்தில் நிற்கும் பாலைவனம்

(மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராம நூலகத்தில், வைகாசி மாத மாலை ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

"ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்களா என்று நாங்கள் காத்துக் கிடக்கிறோம், நீங்கள் பாலைவனத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறீர்களே" என்று வாசலில் ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். சித்திரையில் நம் வயல் எப்படிக் கிடக்கிறது? கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அந்த மண்ணைக் கொத்திப் பார்த்தால் நத்தை இருக்கும். மூடியை இறுக்கிச் சாத்திக்கொண்டு, உடம்பின் வேலையை எல்லாம் குறைத்துக்கொண்டு, வாய்க்காலில் தண்ணீர் வரும்வரை உள்ளேயே கிடக்கும். பாலைவனத்து உயிர்கள் செய்வதும் இதைத்தான். தண்ணீரைத் தேடி அலைவதைவிட, இருக்கும் ஈரத்தை விடாமல் காப்பதில்தான் அவற்றின் முழுக் கெட்டிக்காரத்தனமும் இருக்கிறது.

நம் பக்கத்துச் சிவன் கோயில்கள் பலவற்றில் தல விருட்சம் வன்னி. பிரகாரத்தில் அதைச் சுற்றி வந்து, மஞ்சள் கயிறு கட்டிவிட்டு வருகிறோம். அந்த வன்னி தார்ப் பாலைவனத்து மரம். ராஜஸ்தானின் மாநில மரமே அதுதான். அங்கே அதன் பெயர் கேஜ்ரி. அதன் வேர் 20 மீட்டரைத் தாண்டியும் கீழே போகும். மேலே மண் சுட்டுக்கொண்டிருக்கும் கோடையில், மழைக்கு முன்பே அது புதுத் தளிர் விடும். ஆட்டுக்குத் தழை, மனிதனுக்குக் காய், உழவனுக்கு நிழல். 1730-ல் ஜோத்பூர் அரசரின் ஆட்கள் இந்த மரங்களை வெட்ட வந்தபோது, கேஜர்லி கிராமத்தில் அம்ரிதா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உயிரை விட்டார். அவரோடு சேர்த்து 363 பேர். அடுத்த முறை வன்னியைச் சுற்றும்போது அந்தப் பெண்ணையும் நினைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரி, பிள்ளைகள் ஒட்டகத்துக்காகக் காத்திருக்கிறார்கள். திமிலில் இருப்பது தண்ணீர் இல்லை, கொழுப்பு. கொழுப்பை உடம்பெங்கும் போர்த்திக்கொள்ளாமல் முதுகில் ஒரே இடத்தில் வைத்திருப்பதால் மற்ற இடங்களில் சூடு எளிதாக வெளியேறுகிறது. நமக்கு உடம்புச் சூடு இரண்டு டிகிரி ஏறினாலே காய்ச்சல். தண்ணீர் கிடைக்காத ஒட்டகத்துக்கோ விடியற்காலையில் 34 டிகிரி, பிற்பகலில் 41 டிகிரி. பகல் முழுக்கச் சூட்டை உடம்பிலேயே ஏற்றிக்கொண்டு, ராத்திரிக் குளிரில் இறக்கி வைத்துவிடும். அதனால் வியர்வை மிச்சம். இதை 1950-களில் சஹாராவுக்கே போய் அளந்தவர் க்னுட் ஷ்மிட்-நீல்சன் என்ற விலங்கு ஆய்வாளர். பெரிய ஒட்டகம் ஒன்று இப்படி ஒரே நாளில் சுமார் 5 லிட்டர் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறது. உடம்பு எடையில் கால் பங்கு வரை நீரை இழந்தும் அது நடக்கும். பிறகு தண்ணீரைக் கண்டால் ஒரே நிற்பில் 100 லிட்டர் குடிக்கும்.

மிருகம் நிழல் தேடி நகரலாம். செடிக்கு அந்த வழியும் இல்லை. இலை சாப்பாடு சமைக்க வேண்டுமானால் காற்றிலிருந்து கரியமில வாயு உள்ளே வர வேண்டும். அதற்கு இலைத்துளை திறக்க வேண்டும். திறந்தால் ஈரம் ஓடிவிடும். கள்ளி என்ன செய்கிறது தெரியுமா? பகலில் கதவைச் சாத்திவிடுகிறது. ராத்திரியில் திறந்து, வாயுவை வாங்கிப் புளிப்பு அமிலமாக மாற்றிச் சேர்த்து வைக்கிறது. விடிந்ததும் கதவை மூடிக்கொண்டு, அந்த இருப்பை எடுத்து வெயிலில் சமைக்கிறது. கற்றாழை, பிரண்டை, அன்னாசி எல்லாம் இந்த வழியில் போகிறவைதான்.

இந்த ரகசியத்தின் முதல் நுனியைப் பிடித்த ஒருவருக்கு நம் கடற்கரையோடு உறவு உண்டு. பெஞ்சமின் ஹைன், தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்தவர். பிறகு தாவர ஆய்வில் இறங்கினார். பிள்ளைகள் புத்தகத்துக்குள் வைத்துக் குட்டி முளைக்கிறதா என்று பார்ப்பீர்களே, ரணகள்ளி இலை, அதை அவர் வாயில் போட்டுப் பார்த்தார். காலையில் நல்ல புளிப்பு, மதியம் சப்பென்று, மாலையில் லேசான கசப்பு. அவர் எழுதிய கடிதம் 1815-ல், செடிகளையும் உயிர்களையும் ஆராயும் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் அச்சானது. ஒரே இலையை மூன்று வேளையும் சுவைத்துப் பார்க்கத் தோன்றியதே, அந்த மனசை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நீங்கள் மெல்ல வேண்டாம், அந்த இலையில் நஞ்சும் உண்டு. காலையிலும் மாலையிலும் கசக்கி, பள்ளிக்கூடத்தில் புளிப்பை நிறத்தில் காட்டும் பி.எச். தாளில் தொட்டுப் பாருங்கள், போதும்.

கடைசியாக விதை. குறுவை அறுப்பில் மழை பிடித்துக்கொண்டால் கதிரிலேயே நெல் முளைத்துவிடுகிறதே, அந்த வயிற்றெரிச்சல் இங்கே எல்லோருக்கும் தெரியும். பாலைவனத்து விதைகள் பல அப்படி ஏமாறுவதில்லை. முளைப்பைத் தடுக்கும் பொருள் ஒன்று மேல்தோலில் இருக்கும். ஒரு தூறலுக்கு அது கரையாது. நிலம் நன்றாக நனையும் மழை பெய்து அதைக் கழுவினால்தான் முளை வரும். அப்புறம் அவசர அவசரமாகப் பூத்து, காய்த்து, சில வாரத்தில் முடிந்துவிடும். ஆனால் எவ்வளவு நல்ல மழை பெய்தாலும் எல்லா விதையும் ஒரே நேரத்தில் முளைக்காது. ஒரு பங்கு மண்ணுக்குள்ளேயே தூங்கும். இந்த மழையை நம்பி வந்தவை கருகிப்போனால், அடுத்த மழைக்கு அவை இருக்கும்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுக் கூடம் ஞாபகம் வந்தது. பத்தாயத்தில் நெல் தீர்ந்து, கேழ்வரகுக் கஞ்சி குடித்த ஒரு வருஷம். மூலையில் விதைநெல் மூட்டை இருந்தது. அம்மா அதை ஒருநாளும் அவிழ்க்கவில்லை.