மாட்டை அடிக்கும் சிங்கத்தை மாட்டுக்காரன் ஏன் காப்பான்? நமீபியா பற்றிய ஒரு கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி. ஆடு வளர்க்கும் நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார். "2022-ல் மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்குச் சிவிங்கிப்புலி அனுப்பிய நமீபியாவில் கிராமத்து ஆட்களே காட்டு விலங்குகளைக் காப்பதாகப் போன வீடியோவில் சொன்னீர்கள். சிங்கம் மாட்டை அடிக்கும் ஊரில் மாட்டுக்காரன் எதற்காகச் சிங்கத்தைக் காப்பான்? சுற்றுலாக் கம்பெனிகள் கட்டிவிட்ட கதை மாதிரி இருக்கிறதே?"

ஆடு வளர்ப்பவர் கேட்க வேண்டிய கேள்விதான். சிவிங்கிப்புலி தனிக் கதை, அதை விட்டுவிடுவோம். மாட்டுக்காரரைப் பற்றிப் பேசுவோம்.

நமீபியா 1990 வரை தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்தது. அந்தக் காலச் சட்டத்தில் ஒரு வினோதம் உண்டு. சொந்தமாக வேலி போட்ட பண்ணை வைத்திருந்த வெள்ளைக்காரர் தன் நிலத்தில் மேயும் மானை வேட்டையாடலாம், விற்கலாம், வெளியூர் வேட்டைக்காரர்களைக் கூட்டிவந்து காசும் பார்க்கலாம். வேலிக்கு அந்தப் பக்கம் பொது நிலத்தில் வாழும் ஹெரேரோ, டமாரா, ஹிம்பா மக்கள் அதே மானை அடித்தால் அது திருட்டு வேட்டை. அப்படியென்றால் அந்த மான் அவர்களுக்கு யார்? தங்கள் மாட்டுப் புல்லைத் தின்றுவிட்டுப் போகும் அரசாங்கத்து மான். அதைக் காப்பாற்ற அவர்களுக்கு என்ன தலையெழுத்து?

1980-களின் தொடக்கத்தில் வடமேற்கில் கொடிய வறட்சி. மாடுகள் மந்தை மந்தையாகச் செத்தன. பசியில் வேட்டை, தந்தத்துக்கும் கொம்புக்கும் வெளியாட்கள் நடத்திய வேட்டை, இரண்டும் சேர்ந்து யானையும் கறுப்புக் காண்டாமிருகமும் அற்றுப்போகும் நிலைக்கு வந்துவிட்டன. அப்போது கார்த் ஓவன்-ஸ்மித் என்ற பாதுகாவலர் ஜோஷுவா காங்கோம்பே போன்ற ஊர்த் தலைவர்களிடம் போய்ப் பேசினார். தலைவர்களே தங்கள் ஆட்களைப் பொறுக்கி எடுத்துக் காவலுக்கு வைத்தார்கள். தடம் பார்ப்பதில் கெட்டிக்காரர்கள், அந்தக் காட்டில் வேட்டையாடிப் பழகியவர்களும் அதில் உண்டு. கூலி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, உணவுப் பொருளும் கொஞ்சம் பணமும்தான். ஆனால் அந்தக் காவலர் பதில் சொல்ல வேண்டியது அரசாங்க அதிகாரிக்கு அல்ல, தன் ஊர்த் தலைவருக்கு. ஓவன்-ஸ்மித்துக்கும் அவரோடு சேர்ந்து உழைத்த மார்கரெட் ஜேக்கப்சனுக்கும் 1993-ல் சுற்றுச்சூழலுக்கான கோல்ட்மேன் விருது கிடைத்தது இந்த வேலைக்காகத்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1996-ல் சட்டத்தையே திருத்தினார்கள். பண்ணைக்காரருக்கு இருந்தது போன்ற உரிமை பொது நிலத்து மக்களுக்கும் கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு: தனி ஆளாக அல்ல, சேர்ந்து வாருங்கள். கன்சர்வன்சி என்று பெயர். நம் பாஷையில் சங்கம் என்று வைத்துக்கொள்ளலாம். உறுப்பினர் பட்டியல் வேண்டும், விதிமுறை வேண்டும், நிர்வாகக் குழு வேண்டும், கிடைப்பதை எப்படிப் பிரிப்பது என்ற திட்டம் வேண்டும். எல்லாவற்றையும் விடக் கஷ்டம், எல்லை. பக்கத்து ஊர்க்காரர் ஒத்துக்கொண்டால்தான் எல்லை. வரப்புத் தகராறு தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, சில இடங்களில் இதிலேயே வருடக்கணக்கில் போயிருக்கிறது. 1998-ல் முதல் நான்கு பதிவாயின. இன்று 86. நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

சரி, காசு வருகிறதா? டோரா என்ற கன்சர்வன்சியைப் பாருங்கள். அந்த ஊர்க்காரர்கள் 1996-லேயே ஒரு சுற்றுலா நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு டமாராலேண்ட் கேம்ப் என்ற விடுதியைக் கொண்டுவந்தார்கள். வருமானத்தில் பங்கு, வேலை உள்ளூர்க்காரர்களுக்கு. 2003-ல் வயதுவந்த ஒவ்வோர் உறுப்பினருக்கும் 630 நமீபிய டாலர் ரொக்கமாகக் கொடுத்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லா ஊரும் டோரா இல்லை. பல இடங்களில் வரும் பணம் காவலர் சம்பளத்துக்கும் வண்டிச் செலவுக்குமே சரியாகப் போய்விடுகிறது. வீட்டுக்கு வருவது கொஞ்சம் வேட்டை இறைச்சி, அவ்வளவுதான். அதனால் "கம்பெனி கட்டிவிட்ட கதை" என்ற உங்கள் சந்தேகத்தில் பாதியை நான் ஒத்துக்கொள்கிறேன். விளம்பரத்தில் வருவது டோரா மட்டும்தான்.

வேட்டை என்றதும் சிலருக்கு முகம் சுளிக்கும். எனக்கும்தான். வெளிநாட்டுப் பணக்காரர் காசு கட்டி யானையைச் சுடுவதைப் பார்க்க எனக்கும் மனம் ஒப்பவில்லை. ஆனால் சுற்றுலாப் பயணி எட்டிப் பார்க்காத ஊர்களில் இதுதான் வருமானம். எத்தனை என்று அனுமதிப்பது அமைச்சகம், இறைச்சி ஊருக்கு. கென்யா 1977-ல் வேட்டையை முழுக்கத் தடை செய்தது. அங்கே 2016 வரைக்குமான காலத்தில் வனவிலங்கு மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. தடையால்தான் குறைந்தது என்று நான் சொல்லவில்லை, நிலம் துண்டானது, வேலி வந்தது, மந்தை பெருத்தது. தடை மட்டும் காப்பாற்றவில்லை என்கிறேன்.

இப்போது சிங்கம். மாட்டுக்காரருக்குச் சிங்கத்தின் மேல் அன்பெல்லாம் கிடையாது. மாடு போனால் ஒரு தொகை உண்டு, ஆனால் அரசு அதை நஷ்டஈடு என்று சொல்வதே இல்லை. சந்தை விலைக்கு ஈடாகவும் வராது. ராத்திரி மாடு பட்டிக்கு வெளியே கிடந்து அடிபட்டால் அதுவும் இல்லை. அதனால் உயரமான பட்டி கட்டுகிறார்கள். சிங்கத்துக்குக் கழுத்துப்பட்டை மாட்டி, ஊர்ப்பக்கம் வந்தால் உள்ளூர்க் காவலர்களுக்குத் தகவல் போகும்படி செய்திருக்கிறார்கள். மழை நன்றாகப் பெய்த வருடங்களில் இதெல்லாம் ஓரளவு ஓடியது. கடந்த பத்துப் பன்னிரண்டு வருடமாக வடமேற்கில் மழை பொய்த்துப் போய், வரிக்குதிரையும் ஓரிக்ஸ் என்ற மானினமும் எண்ணிக்கையில் சரிந்துவிட்டன. காட்டில் இரை இல்லாத சிங்கம் பட்டிக்குத்தானே வரும்? கோபத்தில் கொல்வதும் நடக்கிறது.

என் பார்வையில் பெரிய ஓட்டை சிங்கம் இல்லை, புல். சட்டம் விலங்கின் மேல் உரிமை கொடுத்தது, மேய்ச்சலின் மேல் கொடுக்கவில்லை. நிலம் இன்னும் அரசாங்கத்துடையது. "இந்தப் பகுதி விலங்குகளுக்கு, இங்கே மாடு விடக்கூடாது" என்று ஊர் கூடித் தீர்மானம் போடலாம். வெளியூர் மந்தை வந்து நின்றால் துரத்தும் அதிகாரம் அந்தத் தீர்மானத்துக்கு இல்லை.

முதலில் பதிவான நான்கு கன்சர்வன்சிகளில் ஒன்றான நயே நயேவில் இதுதான் நடந்தது. அது சான் மக்களின் இடம், மாட்டை நம்பி வாழ்ந்தவர்கள் இல்லை, வேட்டையும் கிழங்கும்தான். 2009-ல் தெற்கே காம் பகுதியிலிருந்து ஹெரேரோ மேய்ப்பர்கள் கால்நடை நோய்த் தடுப்பு வேலியை வெட்டிக்கொண்டு மாடுகளோடு உள்ளே வந்தார்கள். அவர்களும் வசதியானவர்கள் இல்லை, புல் இல்லாமல் வந்தவர்கள்தான். கன்சர்வன்சி அரசிடம் முறையிட்டது. மாடுகளை அரசு பறிமுதல் செய்தது. வந்தவர்களில் பலர் திரும்பிப் போகவில்லை, சும்க்வே ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அப்புறம் மெல்ல மாடுகளும் சேர்ந்துவிட்டன.