ஊன்றுகோல் வேண்டாம் என்றவர்

(செயற்கைக் கால் வழங்கும் விழா ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் அளவு கொடுக்க வந்த ஒரு தம்பி, நான் மாவுக்கட்டு சுற்றி அச்சு எடுத்துக்கொண்டிருக்கும்போதே கேட்டார்: "அண்ணே, இதைப் போட்டுக்கிட்டு பைக் ஓட்டலாமா?" அவருக்கு வயது 21. எனக்கு உடனே டக்ளஸ் பேடர் ஞாபகம் வந்தது. அவருக்கும் கால் போனபோது வயது 21தான்.

பேடர் பிரிட்டிஷ் விமானப்படையில் இளம் அதிகாரி. 1931 டிசம்பர் 14ஆம் தேதி, ரெடிங் நகரத்துக்குப் பக்கத்தில் வுட்லி விமானத்தளம். கூட இருந்தவர்கள் சீண்டிவிட, தாழப் பறந்து ஒரு குட்டிக்கரணம் போட்டுக் காட்டப் போனார். இறக்கை தரையில் இடித்தது. இரண்டு கால்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. வலது கால் முழங்காலுக்கு மேலே, இடது கால் முழங்காலுக்குக் கீழே. பிற்பாடு தன் பறத்தல் குறிப்பேட்டில் அந்த நாளுக்கு நேராக இரண்டே வரி எழுதினார்: தரைக்கு அருகே உருண்டபோது விழுந்தேன், மோசமான காரியம். யார்மேலும் பழி போடவில்லை. அந்த இரண்டு வரிக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

அவர் பெரிய வீரர், ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியவர் என்றுதான் எல்லோரும் பேசுவார்கள். சரி, அதுவும் பெருமைதான். ஆனால் இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கு, அவர் வானத்தில் செய்ததைவிட 1932இல் ரோஹாம்ப்டன் மருத்துவமனையின் தரையில் செய்ததுதான் பெரிது.

முழங்கால் இருந்தால் பாதிக் கால் இருக்கிற மாதிரி. அது போய்விட்டால், இடுப்பிலிருந்து காலை வீசிப் போட வேண்டும், அது நேராக நிற்கும் என்று நம்பி உடம்பின் பாரத்தை அதன்மேல் இறக்க வேண்டும். முதல் சில நாட்களில் அந்த நம்பிக்கை யாருக்கும் வராது. மிச்சக் காலை உள்ளே நுழைக்கும் குழிவான பகுதியான சாக்கெட் உராய்ந்து தோல் உரியும், காலுறை நனையும், மறுநாள் அதே புண்மேல் திரும்ப மாட்ட வேண்டும். ஒரு காலுக்கே இந்தப் பாடு. அவருக்கு இரண்டும். ஊன்றுகோல் இல்லாமல் உங்களால் நடக்கவே முடியாது என்று அங்கே சொன்னார்கள். அதைத் தொடவே மாட்டேன் என்றார். விழுந்தார், எழுந்தார். கடைசிவரை ஊன்றுகோல் பிடிக்கவே இல்லை.

அவருக்குக் கால் செய்து கொடுத்த நிறுவனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் பெயர் டெசூட்டர். மார்செல் டெசூட்டர் என்ற விமானி 1913இல் விபத்தில் ஒரு காலை இழந்தார். மரக்கால் கனமாக இருக்கிறதே என்று அவருடைய தம்பி அலுமினியத்தில் ஒன்று செய்து கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்த தொழில் அது. ஒரு விமானிக்காகப் பிறந்த கால் இன்னொரு விமானிக்கு வந்து சேர்ந்தது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு வருத்தம். பேடர் மறுபடி விமானம் ஓட்டிக் காட்டினார், நன்றாகவே ஓட்டினார். ஆனால் இரண்டு காலும் இல்லாத விமானிக்கு விதிப் புத்தகத்தில் இடமில்லை என்று 1933இல் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆறு வருடம் ஒரு எண்ணெய் கம்பெனியின் அலுவலகத்தில் மேசை வேலை. அந்த ஆறு வருடத்திலும் கோல்ஃப் ஆடினார், டென்னிஸ் ஆடினார், கார் ஓட்டினார்.

1939இல் போர் வந்ததும் போய்க் கதவைத் தட்டினார். சோதனைக்குக் கொடுத்த விமானத்தில் பிரேக்கைப் பாதத்தால் அழுத்த வேண்டும். அவருக்கு ஏது பாதம்? ஆனால் ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் என்ற போர் விமானங்களில் பிரேக் கைப்பிடியில்தான் இருந்தது. எத்தனையோ பேருடைய வாழ்க்கை இப்படி ஒரு கைப்பிடி எங்கே இருக்கிறது என்பதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. தேறிவிட்டார்.

1940 ஜூனில் 242ஆம் படைப்பிரிவுக்குத் தலைவரானார். பிரான்சில் அடிவாங்கித் திரும்பிய கனடாக்காரர்கள் அதிகம் இருந்த பிரிவு. கால் இல்லாத ஆளா நமக்குத் தலைவர் என்று பார்த்தார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு ஹரிகேனில் ஏறி அவர்கள் தலைக்கு மேலே அரை மணி நேரம் வித்தை காட்டிவிட்டு இறங்கினார். பிடிவாதக்காரர், முன்கோபக்காரர். அவருடைய போர் உத்தியைப் பற்றி இன்றைக்கும் சண்டை இருக்கிறது. அது இருக்கட்டும்.

1941 ஆகஸ்ட் 9. பிரான்சின் வான்வெளியில் அவருடைய ஸ்பிட்ஃபயர் உடைந்து கீழே போகிறது. குதிக்கப் பார்த்தால், வலது செயற்கைக் கால் உள்ளே மாட்டிக்கொண்டது. இழுக்கிறார், வரவில்லை. கடைசியில் பட்டை அறுந்தது. கால் விமானத்தோடு போனது, மனிதர் பாராசூட்டில் இறங்கினார். சொந்தக் காலாக இருந்திருந்தால் அவரும் கூடவே போயிருப்பார்.

இறங்கியவர் ஜெர்மானியரிடம் சிக்கினார். அவருக்கு மாற்றுக் கால் அனுப்ப எதிரியே அனுமதி கொடுத்தான். ஆகஸ்ட் 19 அன்று குண்டு போடப் போன விமானம் ஒன்று, வழியில் ஒரு பெட்டியைப் பாராசூட்டில் இறக்கிவிட்டுப் போனது. உள்ளே ஒரு கால்! அவரோ மருத்துவமனை ஜன்னலில் படுக்கை விரிப்புகளை முடிந்து கட்டித் தொங்கி இறங்கித் தப்பித்தவர். மறுபடி பிடிபட்டார். பிறகும் தப்பிக்கப் பார்த்ததால் போர்க்கைதிகளை அடைத்து வைத்த கோல்டிட்ஸ் கோட்டைக்கு அனுப்பினார்கள். 1945 ஏப்ரலில்தான் விடுதலை.

போருக்குப் பிறகு பல நாடுகளுக்குப் போனவர், கால் இழந்தவர்களைத் தேடிப் போய்ப் பார்த்தார். 1976இல் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது போருக்காக இல்லை, மாற்றுத்திறனாளிகளுக்குச் செய்த சேவைக்காக.

பைக் கேட்ட தம்பி முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். தம்பி, உங்கள் கால் தயார். பேரலல் பாரை அந்த ஓரத்தில் போட்டு வைத்திருக்கிறோம். இன்றைக்கு அதைப் பிடித்துக்கொண்டு நாலு நடை போய்வரலாம், வாருங்கள். பைக்கைப் பற்றி அப்புறம் பேசுவோம். கட்டாயம் பேசுவோம்.