டெண்டர் பெட்டி திறக்கும் முன்பே

நேயர்களுக்கு வணக்கம். அரசுக் கட்டுமான வேலைகளில் பொறியாளராக முப்பது வருஷம் இருந்தவன் நான். அந்த அனுபவத்தை வைத்தே பேசுகிறேன்.

ஒரு சிறிய நகரத்தில் மழைநீர் வடிகால் வேலைக்கு டெண்டர் விட்டிருந்தோம். மாலை மூன்று மணிக்குப் பெட்டியைத் திறந்தோம். அரக்கு முத்திரை உடையாமல் இருப்பதை வந்தவர்களுக்குக் காட்டிவிட்டுப் பிரித்தால், உள்ளே மூன்று கவர். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு, ரேட்டை உரக்க வாசிக்க வேண்டும். முதல் கவரில் மண் தோண்டும் அயிட்டத்தில் பெருக்கல் தப்பு, தொகையில் ஒரு பூஜ்யம் விட்டுப்போயிருந்தது. சரி, அவசரத்தில் யாருக்கும் நேர்வதுதான். இரண்டாவது கவரைப் பிரித்தேன். அதே வரி, அங்கேயும் அந்தப் பூஜ்யம் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. லெட்டர்பேடு மூன்று, கணக்குப் போட்ட கை ஒன்று! அந்த டெண்டரை ரத்து செய்யச் சொல்லிக் குறிப்பு எழுதினேன். மறு டெண்டருக்கும் அதே மூன்று பேர்தான் வந்தார்கள்.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-லேயே வந்துவிட்டது. கூடிப் பேசி ரேட் போடுவதை மத்திய அரசின் 2002-ஆம் வருஷப் போட்டிச் சட்டம் தடை செய்கிறது. இரண்டும் அவசியமானவை. ஆனால் வெளியாள் ஒருவரைக் கூட்டிவந்து டெண்டர் போட வைக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. எத்தனை பேர் போட்டிக்கு வருகிறார்கள் என்பதில்தான் விலை தீர்மானமாகிறது.

ஒரு கணக்குச் சொல்கிறேன், மனதிலேயே போட்டுப் பாருங்கள். ஒரு வேலையை முடிக்க ஒவ்வொரு கான்ட்ராக்டருக்கும் ஆகும் அசல் செலவு 80 லட்சத்துக்கும் 100 லட்சத்துக்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் சம வாய்ப்போடு இருக்கலாம். ஒருவர் செலவு மற்றவருக்குத் தெரியாது. இரண்டு பேர் நேர்மையாக மோதினால், அரசு கொடுக்கப்போகும் விலை சராசரியாக 93 லட்சத்தைத் தாண்டும். மூன்று பேர் என்றால் 90. ஒன்பது பேர் வந்தால் 84. ஜெயிக்கிறவர் தனக்கு அடுத்தபடியாக நிற்பவரின் செலவுவரைக்கும் விலையை ஏற்றலாம். கூட்டம் கூடினால் அந்த அடுத்த ஆள் நெருங்கி வந்துவிடுகிறார். இந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்டவர் பொருளியலாளர் வில்லியம் விக்ரி. 1961-இல் எழுதினார், 1996-இல் நோபல் பரிசு பெற்றார். அதே 1996-இல் புலோ, கிளெம்பரர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஏலங்களை ஆராய்ந்து ஒன்று சொன்னார்கள்: எவ்வளவு சாமர்த்தியமாகப் பேரம் பேசினாலும், போட்டிக்குக் கூடுதலாக ஒரே ஒரு ஆள் வருவதால் கிடைக்கும் ஆதாயத்துக்கு அது பொதுவாக ஈடாகாது.

அந்தக் கூடுதல் ஆள் ஏன் வருவதில்லை? இருபது சின்னச் சாலைகளை ஒரே பேக்கேஜாகக் கட்டினால், பெரிய விற்றுமுதல் காட்டுகிற இரண்டு மூன்று பேர்தான் உள்ளே வர முடியும். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. நான் அதிகம் கவலைப்படுவது இன்னொன்றைப் பற்றி, முடித்த வேலைக்குத் தாமதமாக வரும் பில் பணம்.

2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லா சூரிய மின் பூங்காவுக்கு இறங்குமுக ஏலம், அதாவது போட்டியாளர்கள் விலையைக் குறைத்துக்கொண்டே போகும் ஏலம், நடந்தது. யூனிட் விலை 2 ரூபாய் 44 காசுக்கு வந்து நின்றது. சில வாரங்களில் தமிழ்நாடு 1,500 மெகாவாட் சூரிய மின்சாரத்துக்கு டெண்டர் பிரித்தது. குறைந்த விலை 3 ரூபாய் 47 காசு. ராஜஸ்தானில் வெயில் அதிகம், பூங்காவில் நிலமும் மின்பாதையும் தயார், இதெல்லாம் உண்மைதான். ஆனால் பட்லாவில் வாங்கியது மத்திய அரசு நிறுவனம். பணம் வந்துவிடும் என்பதற்குப் பல அடுக்கில் உத்தரவாதம் இருந்தது. நம் மின் வாரியத்திடமிருந்து காற்றாலைக்காரர்களுக்கு மாதக்கணக்கில் பாக்கி நின்ற கதை சந்தையில் எல்லாருக்கும் தெரியும். அந்தத் தாமதத்தின் வட்டியும் ரேட்டுக்குள் ஏறும்.

சின்ன வேலையிலும் இதே நிலைமைதான். கொத்தனாராக இருந்து கான்ட்ராக்டரான ஒருவரை, டெண்டர் போடச் சொல்லி நானே கூப்பிட்டேன். அந்த வடிகால் வேலையைச் சுத்தமாகச் செய்யக்கூடியவர். டெண்டர் ஷெட்யூலை, அதாவது வேலைப் பட்டியலைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை அவர். "போன வருஷம் செஞ்ச கல்வெர்ட்டுக்கே இன்னும் பில் வரலீங்க சார். பொண்டாட்டி நகை பேங்குல கெடக்கு. இதுக்கு எதை வைக்கிறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அவர் வராததால் களம் யாருக்குப் போனது என்று முதலில் சொன்னேனே, அந்த மூன்று கவர்களுக்குத்தான்.

டெண்டர் அறிவிப்பை இன்று இணையத்தில் யாரும் பார்க்கலாம். அதே பக்கத்தில், அந்த அலுவலகம் யாருக்கு எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து என்பதையும் போடட்டும். அந்தக் கொத்தனார் முதலில் தேடுவது அந்தத் தேதியைத்தான். நன்றி, வணக்கம்.